எழுபது கிலோமீட்டர்தானே

மலேசியாவின் பினாங்குத் தீவை ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவிடலாம் என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தம்பதிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். திட்டத்தைச் சொல்லி முடிக்கும்போது 'எழுபது கிலோமீட்டர்தானே' என்பார்கள். ஈசிஆரில் விடியற்காலை மாமல்லபுரம் வரை போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு அது பெரிய தூரம் இல்லைதான். கணக்கிலும் தவறில்லை. ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் கிளம்பி வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று கரையோரமாகவே வந்தால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப 70 முதல் 75 கிலோமீட்டர். என்னை உறுத்துவது அந்தத் 'தானே'. ஏற்றத்தையும் வெயிலையும் அது மறைத்துவிடுகிறது. போகிறவர்கள் இரண்டு பேர், இரண்டு உடம்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து மறைக்கிறது. தனியாளுக்கு எழுபது கிலோமீட்டர் ஒரு பயிற்சி. இருவர் கடைசிவரை சேர்ந்தே போக வேண்டிய எழுபது கிலோமீட்டருக்கு வேறு கணக்கு போட வேண்டும். அந்தக் கணக்கை முன்கூட்டியே உட்கார்ந்து போடுகிறவர்கள் குறைவு.

இதில் வேகமானவர் கணவர்தான் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ ஜோடிகளில் மனைவிதான் ஏற்றத்தில் முன்னால் போகிறார். ஆகவே இந்தப் பதிவு முழுக்க வேகமானவர், மெதுவானவர் என்றே எழுதுகிறேன். யார் எது என்பதை அவரவர் வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தாமதமாக வரும் உச்சிவெயில்

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த ஊர்க் கடிகாரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி, கிழக்கே உள்ள சபா சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. பினாங்கோ தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் தலைக்கு நேரே வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, மாதத்தைப் பொறுத்து ஒரு மணிக்கும் 1:35-க்கும் இடையில். சூரிய உதயமும் அப்படியே, 7 மணியிலிருந்து 7:30-க்குள். சென்னையில் உச்சிவெயில் பன்னிரண்டை ஒட்டி வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பத்து மணி வெயில் இதமாகத் தெரியும். பதினொன்றுக்குக் காட்டு நிழலில் முதல் ஏற்றத்தை ஏறிவிட்டு, இவ்வளவுதானா என்று நினைப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான பாலிக் பூலாவ் வந்து சாப்பிட்டு எழும்போது மணி ஒன்றரை. மீதி முப்பது கிலோமீட்டரும் இரண்டாவது ஏற்றமும் நாளின் மிகக் கொடிய நேரத்தில் வந்து விழும். நாலு மணியை ஒட்டி மலைப்பக்கம் கருத்து இடி இடித்தால் அதையும் தாங்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அந்த மழைக்கு வாய்ப்பு அதிகம். ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்த மாதங்கள்.

எனவே புறப்பாடு 6:45. அப்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், இருவருக்கும் முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், ரொட்டி சானாயோ தோசையோ சாப்பிட்டுப் பசியாறிவிட்டுப் போகலாம். சோற்றில் பல கறிகளை ஊற்றித் தரும் நாசி கண்டாரை மட்டும் திரும்பி வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கறியும் வயிற்றில் கிடக்கும்போது ஏற்றத்தில் குமட்டும்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான், ஆனால் நாள் ஒன்றல்ல. நான் சொல்வது வடக்குக் கரை முதலில்: தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பாஹாங், பிறகு மலையேறி பாலிக் பூலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ், கடைசியில் கிழக்குக் கரை வழியாக ஜார்ஜ்டவுன். இடதுபக்கம் ஓட்டும் ஊர் என்பதால் இந்தத் திசையில் கடல் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். அது நட்டம்தான். ஆனால் பத்து ஃபெரிங்கிக்குப் போகும் சாலை குறுகலானது, பாறையை ஒட்டி வளைந்து வளைந்து போவது. வாரக்கடைசியில் பொழுது ஏறிவிட்டால் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் உங்களை உரசிக்கொண்டு போகும். அதை எட்டு மணிக்கு முன்னால் கடந்துவிடுவதே நல்லது. தவிர, தீவின் நடுவில் 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலைத்தொடர், காலை வெயில் மேற்குச் சரிவுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. பெரிய ஏற்றம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால் அதே ஏற்றத்தைப் பாலிக் பூலாவ் பக்கமிருந்து, நிழல் சுருங்கிய வேளையில் ஏற வேண்டிவரும்.

இரண்டு சைக்கிள், இரண்டு கணக்கு

ஜார்ஜ்டவுன் தெருக்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்கள் சுவரோவியம் பார்க்கவும் லிட்டில் இந்தியாவைச் சுற்றவும் சரி. தீவைச் சுற்ற அவை உதவா. காரணத்தை எண்ணாலேயே சொல்லலாம். கியர் இல்லாத சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரம் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் போகும். எட்டு விழுக்காடு ஏற்றத்தில் அந்தப் பெடலை நிமிடத்துக்கு 40 சுற்று சுற்ற வேண்டுமானால், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 200 வாட்டுக்கு மேல் கால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் அதை ஓரிரு நிமிடம் தாங்குவார். பிறகு இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

அதுவே முன்னால் 34, பின்னால் 34 பல் உள்ள வண்டி என்றால், ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு ஏழரை கிலோமீட்டரில் ஏறலாம். வண்டியோடு 65 கிலோ உள்ளவருக்கு இது ஏறக்குறைய 115 வாட், ஓரளவு பழகியவர் பேசிக்கொண்டே ஏறக்கூடிய உழைப்பு. வாடகைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பின்பக்கம் பெரிய சக்கரத்தில் எத்தனை பல்? கடைக்காரர் சொல்லாவிட்டால் நின்று எண்ணிப் பாருங்கள். நல்ல வண்டி ஒன்றுதான் கிடைத்தது என்றால், மிகச் சிறிய கியர் உள்ள வண்டி மெதுவானவருக்குப் போக வேண்டும். பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. ஆர்வம் அதிகம் உள்ளவர் நல்ல வண்டியை எடுத்துக்கொள்கிறார், கூட வருகிறவருக்கு மிச்சம் இருந்தது வருகிறது. அன்றைய நாள் எப்படி முடியும் என்பது அந்தக் கடை வாசலிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ட்யூபையும் வால்வையும் பார்த்துவிடுங்கள். ஒன்று 700 அளவுச் சக்கரம் மெல்லிய பிரெஸ்டா வால்வோடும், இன்னொன்று 26 அங்குலம் தடித்த ஷ்ரேடர் வால்வோடும் இருந்தால், ஒருவருடைய மாற்று ட்யூப் மற்றவருக்கு ஆகாது. ஒரே அளவு என்றால் இரண்டு ட்யூப் போதும். வெவ்வேறு என்றால் ஆளுக்கு இரண்டு, கூடவே ஒட்டுப்போடும் பெட்டி, இரண்டு டயர் நெம்பி, இரண்டு வால்வுக்கும் பொருந்தும் கைப்பம்பு. வழியில் உள்ள மோட்டார்சைக்கிள் கடைகளில் காற்று கிடைக்கும், ஆனால் அது தடித்த வால்வுக்கானது. பிரெஸ்டாவுக்குப் பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். காற்றழுத்தத்தையும் ஆளுக்குத் தக்கபடி வையுங்கள். 28 மில்லிமீட்டர் டயரில் 75 கிலோ ஆளுக்கு 75 பிஎஸ்ஐ சரி என்றால், 55 கிலோ உள்ளவருக்கு 60 போதும். ஒரே பம்பில் இருவருக்கும் ஒரே எண்ணுக்கு அடித்துவிட்டால், எடை குறைந்தவரின் வண்டி ஒவ்வொரு ஒட்டுப்போட்ட சாலையிலும் துள்ளும். மதியத்துக்குள் கையும் தோளும் மரத்துப் போகும், காரணம் என்னவென்று அவருக்கே தெரியாது.

எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். நம் ஊர்ப் பழக்கத்தில் வலது கை முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த சில வண்டிகளில் அது இடது கைக்குப் போயிருக்கும். இறக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

அவர் குடிக்கும் தண்ணீர் இவருக்கு ஆகாது

ஏற்றத்தில் சூடு ஏன் திடீரென்று ஏறுகிறது என்றால், காற்று நின்றுவிடுகிறது. சமதரையில் மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும்போது முகத்தில் படும் காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும். மணிக்கு 8 கிலோமீட்டரில் காட்டுச் சாலையில் ஏறும்போது அந்தக் காற்று இல்லை. பெடலில் 150 வாட் கொடுக்கும் உடம்பு, உள்ளே ஏறக்குறைய 500 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை முழுக்க வெளியேற்ற மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். காலைநேரப் பினாங்குக் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உப்பையும் நீரையும் மட்டும் கொண்டுபோகும்.

எவ்வளவு குடிப்பது என்பதை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மணிநேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததையும் கூட்டினால் அதுவே வியர்வை, ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மணிக்கு 1.2 லிட்டர் வரும், மற்றவருக்கு 600 மில்லி வரும். இது சாதாரணம். 'நான் ஒரு பாட்டில் முடித்துவிட்டேன், நீயும் முடி' என்று அன்போடு வற்புறுத்துவது இங்கேதான் ஆபத்தாகிறது. எடை குறைந்தவர், வேகம் குறைந்தவர், பலமணி நேரம் சாலையில் இருப்பவர், வியர்ப்பதைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருக்கும். அதைக் கண்டு இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடிப்பது, அவரவர் கணக்கைத் தாண்டாமல் இருப்பது, இரண்டு பாட்டிலில் ஒன்றில் உப்பு சர்க்கரைக் கரைசல் வைப்பது, இவ்வளவு போதும். மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். வழியெங்கும் கடைகளில் இருக்கும் 100 பிளஸ் பானமும் உதவும், ஆனால் அதில் உப்பு குறைவு, கூட ஏதாவது உப்பாகச் சாப்பிட வேண்டும்.

பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, வெயிலில் புல்லரிக்கிறது என்றால் அதோடு பயணம் முடிந்தது. நிழலில் கிடத்தி, சட்டையை நனைத்து, விசிறி, 999-ஐ அழைக்க வேண்டும்.

தெலுக் பாஹாங் ரவுண்டபவுட்

முழு நாளும் எப்படிப் போகும் என்று தீர்மானமாகும் இடம் இதுதான். ஜார்ஜ்டவுனிலிருந்து இதுவரை 18 கிலோமீட்டர் சொச்சம், சிறு ஏற்ற இறக்கங்கள் மட்டும். நேரே போனால் மீன்பிடிக் கிராமமும் தேசியப் பூங்காவும். இடதுபக்கம் திரும்பினால் பாலிக் பூலாவ் சாலை. திரும்பியபிறகு பட்டாம்பூச்சிப் பண்ணை, அணைக்கட்டு, அதைத் தாண்டியதும் காடு. இருநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், கடைகள் அருகிப் போகும். மேலே பழத்தோட்டம் வரும்வரை நின்று குடிக்க இடம் தேட வேண்டியிருக்கும். முக்கியமாக, ஏறி இறங்கியபிறகு திரும்பி வரும் வழி எதுவாக இருந்தாலும் மலைதான். பாலிக் பூலாவிலிருந்து நகருக்குக் குறுக்கே போகும் துன் சார்டோன் சாலை இன்னும் செங்குத்தானது. இந்த ரவுண்டபவுட் வரை 'திரும்பிவிடலாம்' என்பதற்கு ஒரு மணிநேரச் சமசாலைதான் விலை. இதைத் தாண்டினால் அந்த வசதி இல்லை.

ஆகவே இங்கே இறங்க வேண்டும், நின்றபடி தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது. வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அப்போது கேட்கக் கூடாத கேள்வி, 'உன்னால் முடியுமா?' என்பது. நம்மவர்களிடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: 'பரவாயில்லைங்க, போலாம்.' எதிர்ப்பக்கமிருந்து கேட்டாலும் அப்படித்தான்: 'எனக்கென்ன, நீ சொல்லு.' இரண்டுமே தகவல் இல்லை. இரண்டிலும் ஒருவர் மற்றவருடைய நாளைக் கெடுக்காமல் இருக்கப் பார்க்கிறார். அந்த நல்ல மனசுதான் பிறகு இருவரையும் காட்டுச் சாலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பதிலாக எண்ணாகவோ உண்மையாகவோ பதில் வரும் கேள்விகளைக் கேளுங்கள். மணி என்ன? எட்டரைக்குள் இருந்தால் நல்லது, ஒன்பதரை தாண்டியிருந்தால் திரும்ப வேண்டும் என்பது என் கணக்கு. கிளம்பியதிலிருந்து எத்தனை பாட்டில் முடிந்தது? சிறுநீர் போனது எப்போது, என்ன நிறம்? உள்ளங்கை, இடுப்பு, சீட் படும் இடம், இவற்றில் எங்கே வலி ஆரம்பித்திருக்கிறது? 18 கிலோமீட்டரில் வந்துவிட்ட வலி 70-ல் போய்விடாது, வளரும். கடைசியாக, இதுவரை வந்த சமதரையில் மெதுவானவர் பேசிக்கொண்டே வந்தாரா, பேச்சை நிறுத்திவிட்டாரா? சமதரையில் பேச்சு நின்றிருந்தால், ஏற்றத்துக்கு அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

இந்தப் பதில்களில் இரண்டு தப்பாக இருந்தால் திரும்பிவிடுங்கள். பத்து ஃபெரிங்கியில் இளநீர் குடித்துவிட்டு நகருக்கு வந்தால் அதுவே 37 கிலோமீட்டர், நல்ல காலைப்பொழுது. தீவின் மேற்குப் பக்கத்தை இன்னொரு நாள் காரில் போய்ப் பார்க்கலாம். பாலிக் பூலாவிலேயே சைக்கிள் எடுத்து, சுங்கை ரூசா பக்கம் வயலோரச் சமசாலைகளில் இருபது கிலோமீட்டர் ஓட்டலாம். சொல்லப்போனால் முழுச் சுற்றைவிட அந்த வயல்வெளியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஏறுவது என்று முடிவானால், மெதுவானவர் முன்னால். சமதரையில் வேகமானவர் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் அந்த உதவிக்குப் பொருள் இல்லை. பின்னால் தனியாக விடப்பட்டவர், முன்னால் போனவர் காத்திருக்கிறாரே என்று தன் வேகத்தை மீறி மிதிப்பார். வளைவில் போய்ச் சேர்ந்ததும், ஏற்கெனவே இளைப்பாறிவிட்டவர் உடனே கிளம்புவார். அதிக ஓய்வு தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காத முறை இது. மெதுவானவர் முன்னால் போனால் வேகத்தை அவர்தான் தீர்மானிக்கிறார், நிற்பதும் அவர் சொல்லும்போதுதான். பின்னால் வருபவர் சுமையைத் தூக்கட்டும்: கருவிகள், ட்யூப்கள், கூடுதல் தண்ணீர், மழைச்சட்டை, பழம். மூன்று நான்கு கிலோ எடை வேகமானவர் பக்கம் போனாலே இருவரின் வேகமும் தானாக நெருங்கிவரும்.

மலைக்கு அந்தப் பக்கம்

இறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். காட்டு இலை ஈரமாகக் கிடக்கும், குரங்குகள் குறுக்கே வரும், ஞாயிற்றுக்கிழமை மோட்டார்சைக்கிள்கள் வளைவைக் குறுக்கி வரும், டுரியான் காலத்தில் லாரிகளும் கூடும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் அல்ல. இருவருக்கும் இடையில் ஐம்பது மீட்டர் இடைவெளி இருக்கட்டும். மழை பெய்திருந்தால் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்காது, கட்டை நீரைத் துடைத்தபிறகே பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்பக்கம் என்று பொருள். பத்து மணிக்குள் வந்துவிட்டால் முக்கால் மணிநேரம் தாராளமாக உட்காரலாம். புளிப்பான லக்சா, ஜாதிக்காய்ச் சாறு. லக்சாவின் உப்பும் நூடுல்ஸின் மாவும் அந்த நேரத்து உடம்புக்குச் சரியான சாப்பாடு. ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெலுக் கும்பாருக்குப் போக இன்னொரு ஏற்றம் உண்டு, கெந்திங். முதலாவதைவிடச் சிறியது, ஆனால் நிழல் குறைவு, கால் ஏற்கெனவே களைத்தது. பெரும்பாலான தம்பதிகளின் சண்டை இங்கேதான் நடக்கிறது. 'ஏற்றம் முடிந்துவிட்டது' என்று ஒருவர் முன்பே சொல்லியிருப்பார். இரண்டு ஏற்றம் உண்டு என்பதை இருவரும் முதல்நாள் இரவே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

தெலுக் கும்பாரில் கடல் வரும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைத் தாண்டினால் வாகனங்களும் தொழிற்சாலைகளும். பினாங்குப் பாலங்கள் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பட்டர்வொர்த் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் படகுத்துறை வந்து படகிலேயே சைக்கிளை ஏற்றலாம். குயின்ஸ்பே பகுதிக்குப் பிறகு கடலோரமாகத் துண்டு துண்டாகச் சைக்கிள் பாதை கிடைக்கும். முதல் பாலத்தின் அடியில் போய் ஜெலுத்தோங் வழியாக நகர். யாருக்காவது முடியவில்லை என்றால் இந்தப் பக்கத்தில் கிராப் என்ற வாடகைக்கார் செயலியில் ஆறு இருக்கை வண்டி கூப்பிடுவது எளிது. முன்சக்கரங்களைக் கழற்றினால் இரண்டு சைக்கிளும் பின்னால் படுத்துவிடும், ஏற்றுவதற்கு முன் ஓட்டுநரிடம் கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். சமதரை, ஊர் தெரிகிறது, வேகமானவருடைய கால் தானாகவே முடுக்கும். நாள் முழுக்கச் சேர்ந்து வந்துவிட்டு, பாலத்தைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். பின்னால் வருபவர் களைப்பில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போகும் நேரமும் இதுவே. ஆகவே பாலத்தின் அடியில் ஒருமுறை நின்று, மிச்சத் தண்ணீரைப் பிரித்துக் குடித்துவிட்டு, மெதுவானவரை மறுபடி முன்னால் விடுங்கள். படகுத்துறை வரை அவரே போகட்டும்.